இரண்டு தொட்டி, ஒரே கருப்பு

பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ ஒன்று இருக்கிறது. ஆலையில் அது யாருக்கும் ஞாபகம் இல்லை. கேட்டில் நிற்கும் காவலாளியிலிருந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'சந்தேகம்'தான். "சந்தேகம் வந்தாச்சா?" "சந்தேகம் டீ குடிக்கப் போயிருக்கு." இப்படித்தான் பேச்சு. ஆரம்பத்தில் அவருக்குக் கோபம் வந்தது. அப்புறம், இதுக்கெல்லாம் கோபப்படலாமா கூடாதா என்று அதிலேயே ஒரு சந்தேகம் வந்து, அப்படியே விட்டுவிட்டார்.

பேர் சும்மா வந்துவிடவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். வீட்டுக்குள்ளே மனைவி இருக்கும்போதே பூட்டிவிட்டோமோ என்று பாதி வழியில் இறங்கி ஓடி வந்த நாளும் உண்டு. கல்யாணப் பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்குத் தேதி சரிதானே?" என்று கேட்டவர். "இப்பவே வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் பஸ் பிடிச்சுப் போயிடுறேன்" என்று கல்யாணப் பெண் சொன்னதை இன்றைக்கும் உறவுக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர் பார்த்த வேலைக்குச் சந்தேகம்தான் தகுதி. அங்கே எல்லாம் கருப்பு. எதைப் பார்த்து எதை நம்புவது?

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பெரிய விஷயம் இல்லை. கோலிக்குண்டைவிடச் சின்னதாக, வெள்ளை வெளேர் என்று பீங்கான் உருண்டைகள் வரும். அவற்றின்மேல் இரும்புக் கரைசலை லேசாகப் பூசி, உலையில் வைத்து, கரியுள்ள வாயுவை உள்ளே விட்டால், ஒவ்வொரு உருண்டைமேலும் ரோமம் முளைத்த மாதிரி கரி முளைக்கும். படித்தவர்கள் அதைக் கார்பன் நானோ குழாய் என்பார்கள். வேலைக்காரர்களுக்கு அது கரி முடி. உருண்டை உள்ளே போகும்போது வெள்ளை, வெளியே வரும்போது கன்னங்கரேல். அந்தக் கரி முடியை அமிலத்தில் ஊறவைத்துத் தண்ணீர் ஒட்டும்படி பண்ணி, பல்லேடியம் கரைசலில் போட வேண்டும். பல்லேடியம் என்பது தங்கம் மாதிரி விலையுள்ள உலோகம். முடியில் போய் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டினதும் உருண்டை என்ன நிறம்? கருப்பு. ஒட்டாவிட்டால்? அதுவும் கருப்பு! மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

உருண்டையைப் பார்க்காதே, தண்ணீரைப் பார். அதுதான் அங்கே வழக்கம். தொட்டியில் உலோகம் ஏற்றுவதுதான் சந்தேகத்தின் வேலை. தொட்டியில் உருண்டைகளைத் தண்ணீரில் போட்டு வைத்து, தொட்டிக்கு ஒரு பாட்டில் பல்லேடியம் கரைசலை ஊற்றினால் தண்ணீர் பழுப்பாகும். ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரத்தில் முடியெல்லாம் உலோகத்தை உறிஞ்சிக்கொண்டு, தண்ணீர் பழையபடி தெளிந்துவிடும். தெளிந்தால் வேலை முடிந்தது. லேப்பில்கூட அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துத்தான் சோதிப்பார்கள். தண்ணீரில் உலோகம் மிச்சமில்லையா, எல்லாம் உருண்டைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். விலை உயர்ந்த உருண்டையை உடைத்துப் பார்க்க எவனுக்கு மனசு வரும்?

இப்படித் தயாரான உருண்டைகளைத் தொட்டிக்கு ஒரு கம்பிக்கூடையில் போட்டு அடுத்த கட்டிடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே இரும்புக் கலத்துக்குள் கூடையை இறக்கி, மருந்துக் கம்பெனிக்குப் போகும் மஞ்சள் திரவத்தை ஊற்றி, ஹைட்ரஜனை விடுவார்கள். உருண்டையில் பல்லேடியம் இருந்தால்தான் திரவம் வாயுவை இழுக்கும்; இழுக்க இழுக்க, மேலே அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்கும், திரவத்தின் மஞ்சளும் வெளுக்கும். கலத்தை ஓட்டுவது யார் என்றால், நம்ம சந்தேகத்தின் தங்கச்சி புருஷன்.

அந்த மாப்பிள்ளை இவருக்கு நேர் எதிர். எதைச் செய்தாலும் நிமிர்ந்து செய்வார், செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்க மாட்டார். புது உருண்டைகளின் சோதனை ஓட்டத்தில் முதல் கூடையை அவர்தான் இறக்கினார். ஒரு முழு ஷிப்ட் பிடிக்கும் என்று எழுதி வைத்திருந்த வேலை, பாதி ஷிப்டிலேயே முடிந்துபோனது. முள் சரசரவென்று இறங்கியதாம். மேனேஜர் கீழே இறங்கி வந்து தோளில் தட்டி, "கைராசிக்காரன்யா நீ!" என்றார். அன்றிலிருந்து மாப்பிள்ளை பேர் 'கைராசி'. அடுத்த ஷிப்ட் இன்சார்ஜ் அவர்தான் என்று காதும் காதும் வைத்த மாதிரி பேச்சு வந்தது, மறுநாளே ஊரெல்லாம் தெரிந்தது.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் வகுப்பெடுத்தார். "வால்வை டக்குன்னு திறக்கக் கூடாதுங்க. குழந்தைக்குப் பால் குடுக்குற மாதிரி, கொஞ்சம் விட்டு, முகத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் விடணும்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சந்தேகமும் ஆட்டினார். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். உருண்டையை உருட்டி உருட்டிச் செய்தவன் நான், பேர் அவருக்கா என்று ஒரு மூலையில் எரிந்தது. அப்புறம், தங்கச்சி நல்லா இருக்கட்டும் என்று தண்ணீர் ஊற்றி அணைத்தார்.

இரண்டாவது கூடை இறங்கியது. முள் அசையவில்லை.

மாப்பிள்ளை சூடு ஏற்றிப் பார்த்தார். கலக்கியை வேகமாகச் சுற்றவிட்டுப் பார்த்தார். கேஜே பழுதோ என்று மாற்றிப் பார்த்தார். புது கேஜும் சுவரில் மாட்டின படம் மாதிரி நின்றது. ஒரு ஷிப்ட் போய், அடுத்த ஷிப்டும் போனது. திரவம் அதே மஞ்சள். மேனேஜர் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"உருண்டை ரெண்டும் ஒரே உலை, ஒரே நாள், லேப்பும் ஓகே சொல்லியிருக்கு. அப்ப கோளாறு கலத்துலதான். நீ என்னத்தப் போட்டுக் கழுவின?"

"எப்பவும் போலத்தான் சார்."

"கையில என்ன கையுறை?"

மாப்பிள்ளை விழித்தார். ரப்பர் கையுறை. ரப்பரில் கந்தகம் இருக்கும், கந்தகம் துளி பட்டாலும் பல்லேடியம் செத்துப்போகும். இது அங்கே கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். அதற்காகவே வேறு கையுறை கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு எதைப் போட்டுக் கழுவினோம்? மாப்பிள்ளைக்கு ஞாபகம் வரவில்லை. திரும்பிப் பார்க்காத மனுஷனுக்கு எப்படி ஞாபகம் வரும்?

"திங்கட்கிழமை முதலாளி வர்றாரு. அதுவரைக்கும் வீட்ல இரு. அன்னிக்குக் கணக்கை முடிச்சிடலாம்" என்றார் மேனேஜர். வேலை போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலமே தங்கச்சி வந்துவிட்டாள். செருப்பைக்கூட கழற்றாமல் நடு வீட்டில் நின்று அழுதாள். "அண்ணா, அவரு சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்காரு. நான்தான் கெடுத்திருப்பேன், நான்தான் கெடுத்திருப்பேன்னு அதையே சொல்றாரு. நீ அங்கதானே இருக்க? ஏதாவது பண்ணு அண்ணா!"

என்ன பண்ணுவது? இவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தங்கச்சி போனதும் யோசிக்க ஆரம்பித்தார். கலம் கெட்டுப்போனதா, கையுறையா, வாயுவா, இல்லை திரவமே கோளாறா? ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், கடைசியில் தன் தொட்டியில் வந்து இடித்துக்கொண்டார். இரண்டாவது தொட்டியில் நான் கரைசலை ஊற்றினேனா?

அடக் கடவுளே! பூட்டைச் சந்தேகப்பட்டேன், விளக்கைச் சந்தேகப்பட்டேன், கல்யாணத் தேதியைச் சந்தேகப்பட்டேன். இதை மட்டும் எப்படி விட்டேன்?

ஆனால் பாட்டில் இரண்டும் காலி. அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார். தொட்டி இரண்டும் தெளிந்திருந்தன. லேப்பில் இரண்டு சொட்டும் தேறின. ஊற்றாமல் பாட்டில் எப்படிக் காலியாகும்? ஊற்றித்தான் இருக்கிறோம் என்று மனசு ஒரு பக்கம் சொல்லும். அப்ப முள் ஏன் இறங்கவில்லை என்று இன்னொரு பக்கம் கேட்கும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆனது.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனார். "சார், அந்த ரெண்டாவது தொட்டி... ஒரு சந்தேகம்..."

"வாய்யா!" என்றார் மேனேஜர். "போன வாரம் உலைக் கதவுன்னு வந்த. அதுக்கு முன்னாடி தண்ணிக் குழாய்னு வந்த. ஒண்ணாவது நிஜமா இருந்துச்சா? பாட்டில் காலிதானே?"

"காலிதான் சார்."

"அப்புறம் என்ன? மாப்பிள்ளைக்காகக் கதை கட்டாம போய் வேலையைப் பாரு."

வெளியே வந்தார். கதை கட்டுகிறோமோ என்று இப்போது அதுவும் சேர்ந்துகொண்டது. தங்கச்சிக்காக மனசு தானே எதையாவது ஜோடிக்கிறதோ?

லேப்பில் ஒரு அம்மாள் இருந்தார். வாய் துடுக்கு, மனசு தங்கம். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா அண்ணே மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க? பெராக்சைடு ஒரு சொட்டு விட்டா பல்லேடியம் இருக்குற உருண்டை புஸ்ஸுன்னு நுரைக்கும். இல்லாதது சும்மா கிடக்கும். வாங்க" என்று கிளம்பினார். பின்கட்டில் இரண்டு கூடைகளும் தண்ணீர் டிரம்மில் கிடந்தன. பயன்படுத்திய உருண்டையைக் காயவிட்டால் தீப்பிடிக்கும் என்பதால் அப்படித்தான் வைப்பார்கள். ஆளுக்கொரு உருண்டையை எடுத்துத் தட்டில் வைத்து, சொட்டு விட்டார்கள்.

முதல் கூடை உருண்டை நுரைத்தது. இரண்டாவது கூடை உருண்டையும் நுரைத்தது.

"நுரைக்குதே!" என்றார் சந்தேகம். நிம்மதியா ஏமாற்றமா என்று அவருக்கே புரியவில்லை. "அப்ப ஊத்தியிருக்கேன். ஆனா இது கொஞ்சம் குறைச்சலா நுரைக்குதோ?"

லேப் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "நான் ஒரு மடச்சி! கரி முடி முளைக்க இரும்பு பூசுறோமே, அந்த இரும்பும் நுரைக்கும் அண்ணே. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

போச்சு. இருந்த குழப்பம் போதாதென்று இன்னொன்று. உருண்டையை அரைத்து மெஷினில் போட்டால்தான் உண்மை தெரியும், அதற்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்றார் அந்த அம்மாள். "முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க. அன்னிக்கு என்ன பண்ணீங்களோ, அப்படியே எனக்குச் செஞ்சு காட்டுங்க."

தொட்டி அறைக்குப் போனார்கள். நடுவில் நீள மேசை, இரண்டு முனையிலும் இரண்டு தொட்டி. சந்தேகம் முன்வாசலில் நின்றார். "இப்படி வந்தேன். எப்பவும் இடது பக்கம் முதல்ல. ஊத்தினேன். தண்ணி பழுப்பாச்சு. ரெண்டாவது பாட்டிலைத் திறக்கப் போறேன், மணி அடிச்சிடுச்சு."

"என்ன மணி?"

"தீயணைப்பு ஒத்திகை. எல்லாரும் கேட்டுக்குப் போனோம். ரொம்ப நேரம் நிக்க வெச்சாங்க. திரும்பி வரும்போது முன்பக்கம் பூராவும் ஒத்திகைத் தண்ணி, வழுக்கும்னு பின்வாசல் வழியா விட்டாங்க. உள்ள வந்து பார்த்தா ரெண்டு தொட்டியும் தெளிஞ்சிருந்துச்சு. சரி, இடது முடிஞ்சுது, வலதுல ஊத்துவோம்னு..."

"பின்வாசல் போய் வந்து காட்டுங்க."

போனார். பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். வலது கையை நீட்டினார். நீட்டிய கை எந்தத் தொட்டிமேல் நிற்கிறது என்று பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

முன்வாசலுக்கு இடது, பின்வாசலுக்கு வலது. ஏற்கெனவே குடித்த தொட்டிக்கே இரண்டாவது பாட்டிலையும் புகட்டியிருக்கிறார். அதுவும் குடித்துத் தெளிந்துவிட்டது. அடுத்தது வெறும் தண்ணீரில் ஊறிக்கொண்டு, தெளிவாக, எல்லாம் குடித்துவிட்ட மாதிரி நடித்திருக்கிறது. பச்சைத் தண்ணீரில் உலோகம் எங்கிருந்து வரும்? லேப்பும் ஓகே!

"கையெழுத்து கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் லேப் அம்மாள். இரண்டு கூடையிலிருந்தும் ஒவ்வொரு உருண்டையை அரைத்து மெஷினில் போட்டார். ஒன்றில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை.

சந்தேகம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பயமும் வந்தது, அழுகையும் வந்தது, கூடவே ஒரு சந்தோஷம். மாப்பிள்ளை வேலை தப்பியது! ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகத் தங்கச்சி வீட்டுக்கு ஓடினார்.

மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து குழந்தைகளின் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பளபளவென்று இருந்த ஷூவையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். சந்தேகம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "உங்க மேல தப்பே இல்ல மாப்பிள்ளை! தப்பு என்னுது. அந்தக் கூடையில பல்லேடியமே இல்ல!"

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். மாப்பிள்ளை பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒண்ணுல இல்ல. இன்னொண்ணுல ரெண்டு மடங்கு."

"ஆமா."

"எதுல ரெண்டு மடங்கு மச்சான்?"

இதைச் சந்தேகம் யோசிக்கவே இல்லை. உலகத்தில் இருக்கிற அத்தனையையும் யோசிக்கிற மனுஷன், இதை யோசிக்கவில்லை.

"முதல் கூடை" என்றார்.

மாப்பிள்ளை ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அதுவும் நான் இல்லையா?"

ஷூவையும் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். "மச்சான், ரெண்டாவது கூடையை மட்டும் சொல்ல முடியாதா? ஊத்த மறந்துட்டேன்னு. முதல் கூடை அப்படியே இருக்கட்டுமே."

"பாட்டில் எங்க போச்சுன்னு கேப்பாங்களே மாப்பிள்ளை."

"ஆமா. கேப்பாங்க" என்றார் மாப்பிள்ளை.

திங்கட்கிழமை கண்ணாடி அறையில் சந்தேகம் எல்லாவற்றையும் சொன்னார். லேப் அம்மாள் மெஷின் காட்டியதை மேசையில் வைத்தார். மேனேஜர் பேந்தப் பேந்த விழித்தார். முதலாளி நெற்றியைத் தடவினார். மாப்பிள்ளைக்கு வேலை நிலைத்தது. சந்தேகத்துக்கு ஒரு எச்சரிக்கை, இனிமேல் ஊற்றின தொட்டிக்கு மூடி போட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்று ஒரு உத்தரவு. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது மேனேஜர் சிரித்தார். "கைராசி கைராசின்னு கூத்தாடினோம், கடைசியில பார்த்தா அது இவரோட கைத்தவறு!" அந்தச் சிரிப்பு மாலைக்குள் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. இன்சார்ஜ் பதவி வேறொருவருக்குப் போனது.

மாப்பிள்ளை சந்தேகத்தோடு பேசுவதை நிறுத்தினார். தங்கச்சி போனை எடுக்கவில்லை. சந்தேகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவன்மேல் என்ன கோபம்? மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டே, "நீங்க ஒரு தப்பும் பண்ணலங்க. ஆனா அவரு பாவம்ங்க" என்றார். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கமுடியும் என்று அவர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

மூன்றாவது கூடை தயாரானது. இந்தத் தடவை அவரே கூடையோடு அடுத்த கட்டிடத்துக்குப் போனார். கூடை இறங்கியது. திரவம் ஏறியது. மாப்பிள்ளை வால்வில் கை வைத்தார். திறக்கவில்லை.

"மச்சான்" என்றார். இத்தனை நாளுக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை. "கழுவினது சரியாத்தானே கழுவினேன்? நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"மூடி இறுக்கிட்டேனா?"

"இறுக்கிட்டீங்க."

நிமிர்ந்து நின்று வேலை பார்த்த மனுஷன், மூடியின் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மறுபடி நின்றார். சந்தேகம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வியாதி இப்படிப் போய் ஒட்டிக்கொண்டதே!

வால்வு திறந்தது. முள் ஒரு நிமிஷம் நின்றது, பிறகு நகர்ந்தது. எழுதி வைத்திருந்த வேகத்தில், வேகமாகவும் இல்லை மெதுவாகவும் இல்லை, இறங்கிக்கொண்டே வந்தது. கலத்தின் சூடு ஏறியது. மாப்பிள்ளை வால்வைக் கொஞ்சம் மூடினார். சூடு நின்றது. கொஞ்சம் திறந்தார்.

"இது யாரு பண்றது மச்சான்? நானா, உருண்டையா?"

நீங்கதான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் தங்கச்சி போனை எடுப்பாள், பழையபடி ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். ஆனால் வாயில் வரவில்லை.

"உருண்டைதான் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தலையாட்டினார். கண் மட்டும் கேஜிலேயே இருந்தது. "அப்ப நான் கையை எடுத்துட்டுப் போய் உக்காந்துக்கலாம்."

"கையை எடுத்தா மூட ஆளில்லாம வாயு உள்ள போயிட்டே இருக்கும். சூடு கட்டுக்கடங்காது. இந்தக் கட்டிடமே இருக்காது, நீங்களும் நானும் இருக்க மாட்டோம்."

"அதுதான் எனக்கும் தெரியுமே."

"அப்ப எடுக்காதீங்க."

மாப்பிள்ளை கையை எடுக்கவில்லை. சந்தேகம் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரவத்தின் மஞ்சள் முழுசாகப் போகும் வரை இரண்டு பேரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.